முழங்கை விழுந்த படங்கள்

எனக்குப் பொறாமை உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஊரில் எல்லோர் மேலும் பொறாமைப்படுகிற ஆள் இல்லை நான். பக்கத்து வீட்டுக்காரர் கார் வாங்கினார், இனிப்பு கொடுத்தார், சாப்பிட்டேன், மறந்துவிட்டேன். அலுவலகத்தில் எனக்குப் பிறகு சேர்ந்தவர் எனக்கு மேலே போய் உட்கார்ந்தார். இரண்டு நாள் தூக்கம் வரவில்லை, மூன்றாம் நாள் வந்துவிட்டது. என் பொறாமை முழுவதும் ஒரே ஆள் மேல்தான். அதுவும் அந்த ஆளின் கையில் இருந்த போன் மேல்.

ஆள் என் சகலை. என் மனைவியின் தங்கையைக் கட்டியவன். என்னைவிட ஒன்பது வயது இளையவன். சேலையூரில் வீடு, பழைய மகாபலிபுரம் சாலையில் கம்ப்யூட்டர் வேலை. நேரில் நான் அவனை “வாங்க, போங்க” என்றுதான் பேசுவேன். அவனும் வாய் நிறைய “அண்ணா” என்பான். மனதுக்குள் மட்டும் நான் அவனுக்கு அந்த மரியாதையைக் கொடுத்ததே இல்லை. இங்கேயும் மனதில் இருந்தபடியே எழுதுகிறேன்.

நான் பீர்க்கன்கரணையில், ஏரிக்குப் பின்னால் இருக்கிற தெருவில் குடியிருக்கிறேன். குரோம்பேட்டையில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை. மாமனார் வீடு கூடுவாஞ்சேரி. அவருக்கு இரண்டும் பெண்கள். மூத்தவளைக் கட்டிய நான் ஒன்பது வருடம் அந்த வீட்டுக்கு ஒரே மாப்பிள்ளையாக இருந்தேன். அந்த ஒன்பது வருடத்தில் அங்கே நடந்த எல்லா விசேஷத்துக்கும் படம் எடுத்தது நான்தான். முதலில் ஒரு சின்ன கேமரா, பிறகு ஏதோ ஒரு போன். “மாப்பிள்ளை, சித்த போட்டோ எடுத்துடுங்களேன்” என்று மாமனார் என்னைப் பார்த்துச் சொல்வார். எல்லோரும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, தலையைத் தடவிக்கொண்டு, என் கையைப் பார்த்து நிற்பார்கள். அப்போது அதன் அருமை எனக்குத் தெரியவில்லை.

அவன் தலைதீபாவளிக்கு வந்தான். எண்ணெய்க் குளியல் முடிந்து, புது வேட்டி கட்டி, எல்லோரும் கூடத்தில் நின்றோம். மாமனார் வழக்கம்போல, “மாப்பிள்ளை, போட்டோ” என்றார். நான் பையிலிருந்து போனை எடுப்பதற்குள் அவன் எடுத்துவிட்டான். எடுத்ததை மாமியாரிடம் காட்டினான். மாமியார் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அந்தப் போனை வாங்கி, கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

“என்னடி இது! என் மூக்குத்திக் கல்லுகூடத் தெரியுது!”

அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த வீட்டில் “மாப்பிள்ளை” என்றால் அவன். நான் “பெரிய மாப்பிள்ளை” ஆகிவிட்டேன். “பெரிய மாப்பிள்ளை, நீங்க இப்படி வந்து நில்லுங்க, மாப்பிள்ளை எடுக்கட்டும்.” நான் போய் நின்றேன். அடுத்த எட்டு வருடமாக நின்றுகொண்டே இருக்கிறேன்.

என் மகளின் பன்னிரண்டாவது பிறந்தநாளை எங்கள் வீட்டில் கொண்டாடினோம். அவன் புதிதாக வேறொரு போனோடு வந்தான். முன்பிருந்ததே நன்றாகத்தான் இருந்தது, அதையும் மாற்றிவிட்டான். பின்பக்கம் மூன்று லென்ஸ், அடுப்பு பர்னர் மாதிரி. அன்று கேக் வெட்டியது எனக்குச் சரியாக நினைவில்லை. என்ன கேக், என்ன நிறம், மகள் என்ன உடுத்தியிருந்தாள், ஒன்றும் ஞாபகமில்லை. அந்த மூன்று லென்ஸ்களும் அப்படியே நினைவில் இருக்கின்றன. மறுவாரமே நானும் போன் வாங்கக் கிளம்பிவிட்டேன்.

தாம்பரத்தில் ஜிஎஸ்டி ரோட்டின் மேலேயே இருந்த கடை. அதற்குமுன் அந்த ஒரு வாரமும் ரயிலில் போகும்போதெல்லாம் ஒவ்வொரு போனைப் பற்றியும் படித்து, பார்த்து, ஒப்பிட்டு மண்டை காய்ந்திருந்தேன். கடையில் நின்ற பெண் என் முகத்தைப் பார்த்ததுமே ஆளை எடைபோட்டுவிட்டாள்.

“சார், பட்ஜெட் இன்னா சார்?”

சொன்னேன். அவள் நடு அலமாரிக்குப் போனாள். மேல் அலமாரியில் இருந்த அவன் போன் மாதிரியை நான் பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்துவிட்டாள்.

“அதுக்கு அவ்ளோ போடணும்னு இல்ல சார். இதுலயும் மூணு கேமரா கீது பாருங்க.”

“மூணும் வேலை செய்யுமா?”

அவள் சிரித்துவிட்டாள். “ஒண்ணு நல்லா செய்யும் சார். மீதி ரெண்டும் சும்மா கூட நிக்கும்.”

அந்த நேர்மைக்காகவே வாங்கினேன்.

நியாயமாகப் பேசவேண்டும். நல்ல போன்தான். ஒருமுறை சார்ஜ் போட்டால் மறுநாள் சாயங்காலம் வரை தாங்கும். அவனுடையது மத்தியானமே சுருண்டுவிடும்; யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றும்போதே பிளக் பாயின்ட் எங்கே என்று அவன் கண் தேடும். அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு திருப்தி. என் போனில் மெமரி கார்டு போட இடம் உண்டு, பழைய ஹெட்செட் சொருக ஓட்டை உண்டு. பெட்டிக்குள்ளேயே சார்ஜரும் கவரும் வைத்துக் கொடுத்தார்கள். பெருங்களத்தூர் பிளாட்பாரத்தில் இரண்டு முறை விழுந்தது. எடுத்துச் சட்டையில் துடைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஸ்பீக்கர் சத்தம் கடைசி அறை வரை கேட்கும். “பெரிய மாப்பிள்ளை போன்ல பேசினா நல்லாக் கேக்குது” என்று மாமியாரே ஒருமுறை சொன்னார். அந்தப் போனுக்கு அந்த வீட்டில் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

குறையும் சொல்லவேண்டும். கேட்காமலே விளம்பரம் காட்டும். ஈரக் கையால் தொட்டால் என்னை யாரென்றே தெரியாதது போலிருக்கும். மே மாதத்தில் சட்டைப்பையில் வைத்தால் நெஞ்சு சுடும். வெளிச்சம் குறைந்தால் எல்லோர் முகத்திலும் மாவு அப்பினாற்போல எடுக்கும். எல்லாவற்றையும்விட, பட்டனை அழுத்தினால் உடனே எடுக்காது. ஒரு விநாடி யோசிக்கும். யோசித்து முடித்து அது எடுப்பதற்குள் சிரித்தவர் சிரிப்பை முடித்திருப்பார். ஆனால் எனக்கு அந்தப் போனில் இருந்த பெரிய குறை, அது அவனுடைய போன் இல்லை என்பதுதான்.

இனி சொல்லப்போவது கொஞ்சம் கேவலம்.

நான் அவனோடு போட்டி போட ஆரம்பித்தேன். அவனுக்குத் தெரியாமல். விசேஷங்களில் அவன் எங்கே நின்று படம் எடுக்கிறானோ, அவனுக்கு நேர் பின்னால் போய் நிற்பேன். அவன் போனைத் தூக்கும்போது நானும் தூக்குவேன். அவன் அழுத்தும்போது நானும் அழுத்துவேன். ஒரே இடம், ஒரே ஆட்கள், ஒரே வெளிச்சம். சாயங்காலம் அவன் குடும்ப குரூப்பில் படங்களைப் போடுவான். மறுநாள் காலை ரயிலில், அவன் படத்தையும் என் படத்தையும் மாற்றி மாற்றி வைத்து, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். என் அளவுகோல் மாமியாரின் மூக்குத்திக் கல். அவன் படத்தில் அது மினுங்கும். என் படத்தில் மூக்கு இருக்கும், மூக்குத்தி இருக்கும், கல் இருக்காது.

இதில் இன்னொரு எரிச்சல். பின்னால் நின்று எடுத்ததால் என் படம் ஒவ்வொன்றிலும் அவன் உடம்பின் ஏதாவது ஒரு துண்டு விழுந்திருக்கும். முழங்கை, தோள், காது, பின்மண்டை. வண்டலூரில் வெள்ளைப் புலியை எடுத்தால் புலிக்குப் பக்கத்தில் அவன் முழங்கை. பிள்ளையார் சதுர்த்திக்குப் பிள்ளையாரை மறைத்துக்கொண்டு அவன் தோள். குறுக்கே வந்து நிற்கிறானே என்று அவனைத்தான் திட்டுவேன்.

அவன் மகளுக்கு மூன்று வயதில் காது குத்தினார்கள். கூடுவாஞ்சேரியில் ஒரு சின்ன மண்டபம். கூடப்பிறந்த தாய்மாமன் இல்லாததால், மாமனாரின் அண்ணன் மகன் மடியில் குழந்தையை உட்காரவைத்தார்கள். ஆசாரி வந்து எதிரே உட்கார்ந்தார். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. ஜெனரேட்டரைப் போட்டார்கள், பாதி விளக்குதான் எரிந்தது. நல்ல நேரம் முடிவதற்குள் குத்திவிடவேண்டும் என்று மாமனார் பறந்தார். சகலை மேடைக்குக் கீழே, குழந்தைக்கு நேர் எதிரில், போனைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். நான் வழக்கம்போல அவனுக்குப் பின்னால், கொஞ்சம் பக்கவாட்டில் நின்றேன்.

ஆசாரி முதல் காதைக் குத்தினார். குழந்தை ஒரு கணம் வாயைத் திறந்து சத்தமே வராமல் நின்றது. பிறகு வீறிட்டது. நான் பட்டனை அழுத்தினேன். என் போன் யோசித்தது.

அன்று சாயங்காலம் அவன் குரூப்பில் போட்ட வீடியோவைப் பார்த்தேன். ஆசாரியின் விரல் நுனிகூடத் தெளிவாக இருந்தது. குழந்தை அழுததும் படம் ஒரு ஆட்டம் ஆடி, அப்படியே கீழே சரிந்து, மண்டபத்துத் தரையைக் காட்டியது. சிதறிக் கிடந்த பூவும் அரிசியும் அப்பழுக்கில்லாமல் தெரிந்தன. இரண்டாவது காது குத்தியது வீடியோவில் இல்லை, சத்தம் மட்டும் இருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அவ்வளவு விலை போட்டு வாங்கிய போனில் தரையை எடுத்திருக்கிறான்! மனைவியிடம் இதை இரண்டு முறை சொன்னேன். “பெத்தவன் மனசு பதறாதா?” என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ரயிலில்தான் என் படத்தைப் பார்த்தேன். யோசித்து யோசித்து என் போன் எடுத்தது ஒரு விநாடி பிந்திய படம். அதில் அவன் போனைக் கீழே இறக்கியிருந்தான். முகம் பக்கவாட்டில் தெரிந்தது. கண் நிரம்பி, மூக்கு விடைத்து, வாய் குழந்தையின் வாயைப் போலவே கோணியிருந்தது. மேடைக்கு ஒரு கையை நீட்டியிருந்தான். மாமன் மடியில் இருந்தபடியே குழந்தை அந்தக் கையின் ஒரு விரலைக் கெட்டியாகப் பிடித்திருந்தது. இருட்டு, புள்ளி புள்ளியாக இருந்தது, நிறம் செத்திருந்தது. ஆனாலும் அந்த விரல் தெரிந்தது.

நான் அதை யாருக்கும் அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை. அவன் கோட்டைவிட்ட கணத்துக்கு என்னிடம் சாட்சி இருக்கிறது என்று வைத்துக்கொண்டேன். மற்ற படங்களில் தொலைந்துபோகாமல் இருக்க, அதன்மேல் ஒரு இதய அடையாளம்கூடப் போட்டுவைத்தேன். அவன் எதையாவது வாங்கியதாகக் காதில் விழும் நாட்களில் எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

மூன்று வருடம் போனது. இந்த வருடம் காணும் பொங்கலுக்கு எல்லோரும் கூடுவாஞ்சேரியில் கூடினோம். சாப்பிட்டு முடித்ததும் சகலை தன் போனை டிவியோடு இணைத்துப் பழைய படங்களை ஓட்டினான். காதுகுத்துப் படங்கள் வந்தன. அவன் மகளுக்கு இப்போது ஆறு வயது. என் மகளின் மடியில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தவள் எழுந்து டிவி பக்கத்தில் போய் நின்றாள்.

“அப்பா எங்க?”

“அப்பாதான் செல்லம் எடுக்கிறாரு” என்றாள் அவள் அம்மா.

குழந்தை ஒவ்வொரு படத்திலும் விரல் வைத்துத் தேடியது. “அம்மா, நீ இருக்கே. தாத்தா இருக்காரு. பெரியப்பா இருக்காரு. இந்த ஐயர்கூட இருக்காரு. அப்பா இல்லவே இல்ல.”

“இருந்தேன்டா கண்ணு. எதிர்லதான் நின்னுகிட்டிருந்தேன்.”

“பொய். எனக்கு வலிச்சப்போ நீ ஆபீஸ் போயிட்ட.”

அழுதுகொண்டோ கோபமாகவோ சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வதுபோல் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். “அப்போ காட்டு” என்றாள். அவன் தேட ஆரம்பித்தான். டிவியில் படங்கள் ஓடின, ஓடின, ஓடிக்கொண்டே இருந்தன. அவள் பிறந்ததிலிருந்து ஆயிரக்கணக்கில் எடுத்திருக்கிறான். எதிலும் அவன் இல்லை. எங்கே போனாலும் “நீங்க எடுங்க மாப்பிள்ளை” என்று நாங்கள் அவனை வெளியே நிறுத்தியிருந்தோம். கொஞ்ச நேரத்தில் அவன் சிரிப்பு நின்றது. காதுகுத்தன்று எடுத்த கடைசிப் படம் வரை பார்த்துவிட்டு, டிவியை அணைத்தான்.

மைத்துனி என் பக்கம் திரும்பினாள்.

“மாமா, அன்னிக்கு நீங்களும் எடுத்தீங்கல்ல? உங்க போன்ல ஏதாவது இருக்கா பாருங்களேன்.”

போன் என் சட்டைப்பையில் இருந்தது. எடுத்து இதய அடையாளத்தைத் தொட்டால் போதும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், அவன் உட்பட. அந்த வீட்டில் எட்டு வருடத்துக்குப் பிறகு எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள்.

“அந்த இருட்டுல என் போன்ல என்னம்மா விழும்? ஒண்ணும் விழல.”

“ஆமா, பெரிய மாப்பிள்ளை போன் அவ்வளவுதான்” என்றார் மாமனார். யாரும் சந்தேகப்படவில்லை. என் போனின் கெட்ட பெயர் அன்று என்னைக் காப்பாற்றியது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், எனக்குத் தெரியும். அவனிடம் எல்லாம் இருந்தது. போன், கார், மாமனாரின் பார்வை, “மாப்பிள்ளை” என்கிற பெயர். அவனுக்கு வேண்டும் என்று அவனே தேடுகிற ஒரு பொருள் முதல்முறையாக என்னிடம் இருந்தது. கொடுத்துவிட்டால் அதுவும் அவனுடையதாகிவிடும்.

பிறகு என் மனைவி அவ்வப்போது தங்கை வீட்டுச் செய்தி சொல்வாள். குழந்தை அந்தப் பேச்சை விடவில்லையாம். தோட்டைத் தொட்டுக் காட்டி, “இதுக்கு நீ வரல” என்று அப்பாவிடம் சொல்கிறதாம். பள்ளியில் டீச்சரிடமும் சொல்லிவிட்டதாம். “பாவம்ங்க அவரு. நேத்து மண்டபத்துக்காரருக்குப் போன் போட்டு, அன்னிக்கு சிசிடிவி இருந்துதான்னு கேட்டிருக்காரு. மூணு வருஷத்துக்கு முந்தினது எப்படி இருக்கும்?” நான் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கம் மட்டும்தான் இருந்தது என்று சொன்னால் அது பொய். அவன் ஒரு மண்டபத்துக்காரரிடம் கெஞ்சியதை நினைத்துப் பார்க்க உள்ளுக்குள் ஒரு மூலையில் நன்றாகவும் இருந்தது.

என் போனுக்கு வயதாகிவிட்டது. எதைத் தொட்டாலும் “இடம் இல்லை” என்று சொல்லும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் அதை வாங்கி, வேண்டாததை எல்லாம் அழித்துக் கொடுப்பாள். பூவும் சூரியனும் போட்ட காலை வணக்கங்களை வாரிக்கொட்டுவதே பெரிய வேலை. பிப்ரவரியில் ஒரு ஞாயிறு அப்படி உட்கார்ந்தவள், என்னைக் கூப்பிட்டாள்.

“அப்பா, இந்த போட்டோ எல்லாத்துலயும் சித்தப்பா முழங்கை இருக்கு.”

“குறுக்க வந்துடுவாரு.”

“இல்லப்பா. நீங்கதான் அவர் பின்னாடியே நின்னிருக்கீங்க.” விரலால் தள்ளிக்கொண்டே போனாள். புலி, பிள்ளையார், கிரகப்பிரவேசம். “எல்லாத்துலயும்.”

நான் பேப்பரைப் புரட்டினேன். நிமிர்ந்தால் அவள் போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தாள்.

“இது இருக்கே! பொங்கலுக்கு இல்லன்னு சொன்னீங்க?”

“மறந்துட்டேன்மா.”

“ஹார்ட் போட்டு வெச்சிருக்கீங்க.”

பதினைந்து வயதுப் பெண்ணிடம் மாட்டிக்கொண்டேன். காபி குடித்த டம்ளரை எடுத்துக்கொண்டு போய் நானே கழுவினேன். திரும்பி வந்தபோதும் அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவள் பார்வையில் கோபம் இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். புதிதாகக் குடிவந்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“சித்தப்பாவுக்கு அனுப்பட்டுமா?”

“வேணாம். நேர்ல போய்க் காட்டலாம்” என்றேன். நல்ல புத்தி வந்துவிட்டதாக நினைக்கவேண்டாம். கொடுக்கத்தான் வேண்டுமென்றால், வாங்கும்போது அவன் முகத்தை நான் பார்க்கவேண்டும். அதுதான் காரணம்.

இருவரும் ஸ்கூட்டரில் சேலையூர் போனோம். வழி முழுக்க அவள் என் தோளைப் பிடிக்காமல் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். சகலை கதவைத் திறந்தான். குழந்தை தரையில் உட்கார்ந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

“பழைய மெமரி கார்டுல கிடந்தது. இப்பதான் கண்ணுல பட்டுச்சு” என்று சொல்லிப் போனை நீட்டினேன். என் மகள் மின்விசிறியைப் பார்த்தாள்.

அவன் இரண்டு கையாலும் வாங்கினான். பார்த்தான். அப்படியே குழந்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

“இது யாருன்னு பாரு.”

குழந்தை பென்சிலை வைத்துவிட்டுக் குனிந்தது. “நான். அழறேன்.” பிறகு விரல் நகர்ந்தது. “இது அப்பா.” நிமிர்ந்து அவன் முகத்தையும் திரும்பப் படத்தையும் பார்த்தது. “நீ எதுக்குப்பா அழற? உனக்கா குத்தினாங்க?”

“உனக்கு வலிச்சுதே.”

குழந்தை யோசித்தது. பிறகு அவன் ஆட்காட்டி விரலை எடுத்து, படத்தில் இருப்பதுபோலவே கைக்குள் இறுக்கிப் பிடித்து, “இப்படியா?” என்று கேட்டது. “இப்படித்தான்” என்றான் அவன். மற்ற கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சமையலறையிலிருந்து வந்த மைத்துனி, பார்த்துவிட்டு, கரண்டியோடு அங்கேயே நின்றாள்.

கொஞ்சம் தெளிந்ததும் அவன் சொன்னான், “அண்ணா, குரூப்ல போடாதீங்க, மங்கிடும். அப்படியே ஒரிஜினலா அனுப்புங்க.”

“ஒரிஜினலே மங்கல்தான். என் போன்ல அவ்வளவுதான் வரும்.”

“இருக்கட்டும்ணா. என்கிட்ட ஆயிரக்கணக்குல இருக்கு, இது மாதிரி ஒண்ணு இல்ல. எப்படிண்ணா கரெக்டா அந்த செகண்ட்ல எடுத்தீங்க?”

என்னிடம் யாராவது கேட்கமாட்டார்களா என்று எட்டு வருடமாக நான் ஆசைப்பட்ட கேள்வி. போன் மெதுவாக எடுக்கும் என்று சொல்லியிருக்கலாம். நீ தோற்பதைப் பார்க்கப் பின்னால் நின்றேன் என்றும் சொல்லியிருக்கலாம். “சும்மா, கை வந்துச்சு” என்றேன். என் மகள் இன்னும் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவனுக்கு என்ன கைம்மாறு செய்வதென்று தெரியவில்லை. சாப்பிட்டுத்தான் போகவேண்டும் என்றான். சாப்பிட்டதும், “அண்ணா, உங்க வீட்டு போட்டோ எல்லாம் எங்கிட்டதான் இருக்கு. பாப்பா பிறந்தநாள், வண்டலூர், எல்லாம். குரூப்ல போட்டது கொஞ்சம்தான். மொத்தத்தையும் தரேன். உங்க போன்ல இடம் இருக்காது, பென்டிரைவ்ல போட்டுடறேன்” என்றான். உங்க போன்ல இடம் இருக்காது. அந்த நேரத்திலும் அது சுருக்கென்றது.

வீட்டுக்கு வந்ததும் மகள் பென்டிரைவை அவள் லேப்டாப்பில் சொருகினாள். மத்தியான வெயில் ஜன்னலில் விழுந்தது. திரையை இழுத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நான் வந்ததை அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதுவே போதுமாக இருந்தது. பெரிய திரையில் அவன் படங்களை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். பாராட்டாமல் இருக்க முடியாது. புல்லின் நுனி, ஏரித் தண்ணீரின் சுருக்கம், என் மனைவியின் நெற்றியில் ஒட்டிய ஒற்றை முடி, எல்லாம் இருந்தது. படத்துக்குப் படம் நான் இருந்தேன். அவன் ஒருவனைத் தவிர நாங்கள் எல்லோரும் இருந்தோம்.

பன்னிரண்டாவது பிறந்தநாள் வந்தது. கேக் சிவப்பு. மகள் மஞ்சள் பாவாடை சட்டை போட்டிருந்தாள். பின்னால் மாமியார், மூக்குத்திக் கல் மினுங்க, கை தட்டிக்கொண்டிருந்தார். எல்லோரும் மகளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மகள் முதல் துண்டைக் கையில் எடுத்து, குதிகாலைத் தூக்கி, என் வாய்க்கு நேராக நீட்டியிருந்தாள். அவள் வாயும் “ஆ” என்று திறந்திருந்தது, எனக்கு ஊட்டுவதற்காக. என் வாய் மூடியிருந்தது. கேக் என் கன்னத்தில் இடித்துக்கொண்டிருந்தது.

நான் அவளைப் பார்க்கவில்லை.

மகள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். என் முகம் திரையை நிறைத்தது. அவன் போன் எதையும் விடுகிற போன் இல்லை. மீசையில் இருந்த நரை, கன்னத்தில் அப்பிய க்ரீம், கண்ணின் சிவப்பு நரம்பு வரை தெரிந்தது. கண் நேராக லென்ஸைப் பார்த்தது. போட்டோவுக்குப் பார்க்கிற பார்வை இல்லை அது. அடுத்தவன் இலையில் விழுந்த பண்டத்தைப் பார்க்கிற பார்வை. நான் அதுவரை என் முகத்தில் அதைப் பார்த்ததில்லை. அடுத்த படத்திலும் அப்படித்தான் இருந்தேன். அதற்கடுத்ததில் அவள் துண்டைக் கீழே வைத்துவிட்டிருந்தாள்.

“அன்னிக்கு ரெண்டு தடவை கூப்பிட்டேன்ப்பா” என்றாள். “சத்தத்துல கேக்கலன்னு நினைச்சேன்.”

கேக் என்ன நிறம் என்றுகூட எனக்கு ஞாபகமில்லை என்று இவளிடம் எப்படிச் சொல்வது?

“இதை அழிச்சிடலாமா?” என்று கேட்டேன்.

அவள் படத்தைச் சின்னதாக்கினாள். குதிகால் தூக்கி, கையில் கேக்கோடு, வாயைத் திறந்து நிற்கிற பன்னிரண்டு வயதுப் பெண் மறுபடி முழுசாகத் தெரிந்தாள்.

“வேணாம்ப்பா” என்றாள். “இதுல நான் நல்லா இருக்கேன்.”